கையளவு மோட்டார் வண்டி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது மரபு. இசையைப் பற்றிப் பேசுவதும் மரபு. இன்று நான் ஒரு விளையாட்டுப் பொருளைப் பற்றிப் பேச வந்து நிற்கிறேன். மாதிரி மோட்டார் வண்டிகளைப் பூட்டி, ஒட்டி, வண்ணம் தீட்டும் பொழுதுபோக்கைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்திருக்கிறார்கள். அழைப்பிதழில் இத்தலைப்பைக் கண்ட பெற்றோர் சிலர், "பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்க இன்னும் ஒரு வழியா?" என்று எண்ணியிருக்கக் கூடும். அந்த எண்ணத்தை நான் குறை கூறமாட்டேன். ஆனால் விடை சொல்லாமலும் போகமாட்டேன்.

முதலில், இப்பொழுதுபோக்கு இன்னதென்று அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். கடையில் வாங்கும் பொம்மை வண்டி வேறு, நான் சொல்லும் மாதிரி வண்டி வேறு. இது பெட்டியில் வண்டியாக வருவதில்லை; நூறு துண்டுகளாக வருகிறது. பிளாஸ்டிக் சட்டம் ஒன்றில் கொடியில் காய் தொங்குவதுபோல் உறுப்புகள் ஒட்டிக்கொண்டிருக்கும். இஞ்சின், அச்சு, இருக்கை, கதவுப்பிடி யாவும் தனித்தனி. அவற்றை வெட்டியெடுத்து, பிசிறு நீக்கி, ஒட்டி, வண்ணம் தீட்டி முடிக்க ஒரு மாதமும் ஆகலாம், ஓராண்டும் ஆகலாம். பெரும்பாலான வண்டிகள் இருபத்துநான்கில் ஒரு பங்கு அளவில் அமைந்தவை. அதாவது 168 சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதர் ஒருவர் அவ்வளவில் 7 சென்டிமீட்டராகிவிடுவார். 40 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஸ்டியரிங் சக்கரம் ஒரு சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரியதாக இருக்கும்.

இது மேல்நாட்டார் நமக்குக் கற்பித்த ஆசை என்று சிலர் கருதுவர். பொருள் மேல்நாட்டுப் பொருள்தான்; ஆசை நம்முடையது. தச்சன் செய்து தந்த சிறு வண்டியில் ஏறிச் செல்ல முடியாவிட்டாலும், அதைக் கையால் இழுத்தே மகிழும் சிறுவர்களைக் குறுந்தொகைப் புலவர் ஒருவர் கண்டிருக்கிறார். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதிப் பருவம் சிறுதேர்ப் பருவம் அன்றோ? தஞ்சைப் பெரிய கோவிலை நெட்டியில் வெட்டிக் கண்ணாடிப் பேழைக்குள் நிறுத்தும் கைவினைஞர்கள் தஞ்சையில் இன்றும் உள்ளனர். கத்தியும் பசையும் நெட்டித் தண்டும் தவிர அவர்களிடம் வேறொன்றும் இல்லை. அளவு பார்த்துச் சிறிதாகச் செய்தல் என்னும் கலை நம் வீட்டுத் திண்ணையிலேயே இருந்தது என்பதற்கு இவை போதும்.

மோட்டார் வண்டிக்கு இக்கலை வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸைச் சேர்ந்த பிஷர் பாடி நிறுவனம் 1930-இல் சிறுவர்களுக்கு ஒரு போட்டி வைத்தது. நெப்போலியன் காலத்து அரச வண்டி ஒன்றின் வரைபடத்தைக் கொடுத்து, அதைச் சிறிய அளவில் மரத்தாலும் உலோகத்தாலும் செய்யச் சொன்னது. பின்னர்ச் சிறுவர்களே தம் கற்பனையில் வண்டிகளை வடிவமைக்கும் போட்டியாக அது மாறி 1968 வரை நடந்தது. வென்றவர்களுக்குக் கிடைத்த பரிசு கல்லூரிப் படிப்புக்கான உதவித்தொகை. அவர்களுள் பலர் பிற்காலத்தில் வண்டி வடிவமைக்கும் தொழிலுக்கே சென்றனர். படிப்பைக் கெடுக்கும் என்றவர்களுக்கு இந்த ஒரு செய்தியை மட்டும் இப்போதைக்கு வைக்கிறேன். 1950களில் பிளாஸ்டிக் வந்தது. அமெரிக்காவில் ரெவெல், இங்கிலாந்தில் ஏர்பிக்ஸ் ஆகிய பெயர்கள் சிறுவர்கள் நாவில் புழங்கத் தொடங்கின.

ஜப்பானியர் கதை நாம் கவனிக்க வேண்டியது. ஷிஸுஓகா என்பது மரவேலைக்குப் பேர்போன நகரம். அங்கே 1946-இல் தமியா என்ற குடும்பத்தார் ஒரு மர அறுவை ஆலை தொடங்கினர். கூடவே மரத்தில் மாதிரி விமானங்களும் கப்பல்களும் செய்தனர். 1951-இல் ஆலையில் தீப்பிடித்து மரமெல்லாம் எரிந்தது. அதன்பின் மரவாணிகத்தை விட்டு மாதிரிகளையே தொழிலாகக் கொண்டு, 1960-இல் பிளாஸ்டிக்குக்கு மாறினர். இன்று உலகெங்கும் இத்துறையில் முதல் வரிசையில் வைத்துப் பேசப்படும் பெயர் அது. போர்ஷே வண்டியின் மாதிரியைச் செய்ய முற்பட்டபோது, படங்களும் பிரசுரங்களும் போதவில்லை என்று அக்குடும்பத்து இளையவர் ஓர் உண்மையான போர்ஷேயை விலை கொடுத்து வாங்கி, திருகாணி திருகாணியாகப் பிரித்து அளந்தார். பிரித்ததை மீண்டும் பூட்ட அவர்களால் இயலாமல் போர்ஷே ஆட்களையே அழைக்க வேண்டியதாயிற்றாம். பன்னிரண்டில் ஒரு பங்கு அளவிலான அந்த மாதிரி 1976-இல் வெளிவந்தது. விற்பனைக் கணக்கை நோக்கினால் இது மடமை. ஆனால் அளக்காமல் செய்யமாட்டோம் என்ற உறுதி இருக்கிறதே, அதைத்தான் நான் வணங்குகிறேன்.

நாம் குடியேறி வாழும் இந்தப் பெங்களூருக்கும் அந்த உறுதி புதிதன்று. இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் மாருத் போர் விமானத்தை உருவாக்கியபோது, உலோகத்தில் கை வைப்பதற்கு முன்னால் மரத்தால் ஒரு மாதிரி செய்தார்கள். சிறியதாக அன்று, உண்மை விமானத்தின் முழு அளவிலேயே, இயந்திரம் இல்லாத மிதவை விமானமாகச் செய்தார்கள். 1959-இல் அது வேறொரு விமானத்தால் இழுக்கப்பட்டு வானேறியது. உண்மையான மாருத் பறந்தது 1961 ஜூன் 17-இல். நம் ஊரிலுள்ள தேசிய விமானவியல் ஆய்வகத்தில் 1967 முதல் இயங்கும் காற்றுச் சுரங்கத்தின் வாய் ஒன்றேகால் மீட்டருக்கும் சற்றுக் குறைவு; அதற்குள் ஒலியினும் பன்மடங்கு விரைவாகக் காற்றைச் செலுத்துகிறார்கள். அவ்வளவு சிறிய வாயில் முழு விமானம் நுழையுமா? உருக்கால் செய்த சிறு மாதிரிதான் நுழையும். அம்மாதிரியில் மயிரிழை தவறினால் கணக்கெல்லாம் தவறும். ஆகவே, சிறிதாகச் செய்வதைப் பிள்ளை விளையாட்டு என்று சொல்லும் உரிமை வேறு ஊராருக்கு இருக்கலாம், பெங்களூராருக்கு இல்லை.

இன்னும் அருகே வருகிறேன். நம் குடியிருப்புகளில் ஓய்வு பெற்று வாழும் முதியோர்களுள் வார்ப்படச் சாலைக்குப் பேட்டர்ன் செய்து தந்த தச்சர்கள் உண்டு. உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும். வார்ப்பிரும்பு நூற்றுக்கு ஒரு பங்கு அளவிலும், அலுமினியம் அதனினும் சற்றுக் கூடுதலாகவும் சுருங்கும். அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே கணக்கிட்டு, அதற்கென்றே அமைந்த அளவுகோலை வைத்து மரத்தைச் செதுக்கியவர்கள் அவர்கள். பிளாஸ்டிக் மாதிரி வண்டிகளின் அச்சுகளுக்கும் தொடக்க காலத்தில் இப்படித்தான் பெரிய அளவில் மரத்தில் செதுக்கி, பிறகு இயந்திரத்தால் சிறிதாக்கி உருக்கில் வெட்டினார்கள். கடிகாரத் தொழிற்சாலையில் 1961 முதல் பல்லாயிரம் கைகள் சாமணம் பிடித்துப் பழகின. 2016-இல் அத்தொழிற்சாலையை மூடும் முடிவு வந்தது. சாமணத்தால் தூசியளவு திருகாணியை எடுத்து உரிய குழியில் வைக்கும் கைப்பழக்கம் எந்தப் பாடப்புத்தகத்திலும் எழுதப்படவில்லை. அது கையிலிருந்து கைக்குத்தான் போகும். அந்தக் கைகள் இப்போது மாலை நேரத்தில் பூங்காப் பெஞ்சில் சும்மா இருக்கின்றன. பக்கத்தில் பேரன் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருக்கிறான். இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைக்க ஏதேனும் ஒரு வேலை வேண்டுமல்லவா?

இனி வேலைக்கு வருவோம். ஒட்டுவதைவிட வண்ணம் தீட்டுவதே கடினம். ஆகையால் அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

உண்மையான மோட்டார் வண்டியின் மேலுள்ள வண்ணப் படலம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம். அதே கனத்தில் மாதிரி வண்டிக்கும் பூசினால் என்னாகும்? இருபத்துநான்கால் பெருக்கிப் பாருங்கள். உண்மை வண்டியில் 2.4 மில்லிமீட்டர் கனத்துக்குத் தார் பூசியதற்கு அது சமம். கதவு இடுக்கு மறையும். பெயர் எழுத்துகள் மூழ்கும். அதனால்தான் வண்ணத்தைத் தின்னர் சேர்த்து நீர்மோர்போல் ஆக்கி, காற்றுத் தூரிகையால் படியும் படியாமலும் பலமுறை தெளிக்க வேண்டியிருக்கிறது. ஒரே பூச்சில் முடித்துவிட வேண்டுமென்ற அவசரக்காரருக்கு இங்கு இடமில்லை.

பூசுவதற்கு முன் செய்ய வேண்டியது மிகுதி. உறுப்புகளைச் சவர்க்கார நீரில் கழுவ வேண்டும்; அச்சிலிருந்து எளிதில் கழல்வதற்காகத் தடவிய எண்ணெய்ப் பசை ஒட்டியிருந்தால் வண்ணம் பிடிக்காது. அச்சின் இரு பாதிகள் கூடும் இடத்தில் மெல்லிய வரம்பு ஒன்று ஓடும். அதைக் கத்தி முதுகால் சுரண்ட வேண்டும். பள்ளம் இருந்தால் பட்டி பார்த்து, காய்ந்தபின் உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். பட்டறையில் டிங்கர் வேலையும் பெயிண்ட் வேலையும் செய்வோர் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அவர்கள் அன்றாடம் செய்வதும் இதுதானே! மெய்தான். இப்பொழுதுபோக்கில் வேண்டிய ஐயங்களுக்கெல்லாம் தெருமுனைப் பட்டறைப் பெயிண்டரைவிடச் சிறந்த ஆசிரியர் கிடைப்பது அரிது.

பெங்களூர் வானிலை இவ்வேலைக்கு நண்பனும் பகைவனும் ஆகும். தின்னர் ஆவியாகும்போது வண்டியின் மேற்பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் அக்குளிர்ச்சியில் பனித்துளி படிந்து, பளபளப்பான கறுப்புகூடச் சாம்பல் பூத்ததுபோல் வெளுத்துவிடும். மழை மாதங்களில் ஒட்டும் வேலையை மட்டும் செய்யுங்கள். தை, மாசி மாதங்களின் உலர்ந்த முற்பகல் வண்ணத்துக்கு உகந்தது. அப்போது தூசி பறக்குமே என்பீர்கள். தெளித்து முடித்ததும் பெரிய எவர்சில்வர்ப் பாத்திரம் ஒன்றைக் கவிழ்த்து மூடி வைத்தால் தீர்ந்தது. பாத்திரத்தை அடுக்களைக்குத் திருப்பித் தருவதை மட்டும் மறவாதிருங்கள். இல்லத்தரசியரின் நல்லெண்ணம் இல்லாமல் இப்பொழுதுபோக்கு எந்த வீட்டிலும் மூன்று மாதத்தைக் கடந்ததில்லை. தின்னர் ஆவி எளிதில் தீப்பற்றும், நெஞ்சுக்கும் கேடு. சமையலறையிலோ பூசை விளக்கின் அருகிலோ தெளிக்கக் கூடாது. சன்னலைத் திறந்து, முகமூடி அணிந்து செய்க. சிறுவர்களுக்கு நீரில் கரையும் வண்ணமே போதும்.

வண்ணத்தைப் பற்றிப் பேசும்போது நம் அருகிலுள்ள சன்னபட்டணத்தை மறக்க முடியுமா? மைசூர்ச் சாலையில் சுமார் 60 கிலோமீட்டர் சென்றால் அவ்வூர். அங்கே வெட்பாலை மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு, வண்ணம் கலந்த அரக்குக் கோலை அதன்மேல் அழுத்துகிறார்கள். உராய்வின் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் பரவுகிறது. பின்னர்த் தாழை ஓலையை வைத்துத் தேய்க்கிறார்கள், கண்ணாடிபோல் மின்னுகிறது. தூரிகையும் இல்லை, தின்னரும் இல்லை. நாம் 'லாக்கர்' என்று ஆங்கிலத்தில் சொல்லும் வண்ணத்தின் பெயரே அரக்கைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து போனதுதான். பளபளப்பு என்பது மேலே ஊற்றுவதால் வருவதன்று, தேய்ப்பதால் வருவது என்பதைக் கண்ணால் காண விரும்பும் இளைஞர்கள் ஒரு விடுமுறை நாளில் அவ்வூருக்குச் சென்று வரலாம்.

பணச் செலவைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஜப்பானிலிருந்து வரும் நல்ல பெட்டி ஒன்றின் விலை, ஒரு குடும்பத்தின் ஒரு மாத அரிசிச் செலவை எட்டும், சில தாண்டும். ஆண்டுக்கு ஒன்று போதும். பரணில் ஐம்பது பெட்டிகளைப் பிரிக்காமல் அடுக்கி வைத்து மகிழ்வோர் உண்டு. அவர்களை நான் பொழுதுபோக்காளர் என்று சொல்லமாட்டேன், கிடங்குக் கணக்கர் என்றே சொல்வேன்.

பெட்டி வாங்காமலும் செய்யலாம். நான் இன்று சொல்ல வந்ததன் உயிர்நிலை இங்குதான் இருக்கிறது. நம் தந்தையர் ஓட்டிய வண்டிகளுக்குப் பெட்டி தேடினால் என்ன கிடைக்கிறது? சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் ஹெரால்டு வண்டியைச் செய்தது. நம் மாநிலத்து மண்ணில் உருவான வண்டி என்று தமிழர்கள் பெருமையோடு சொல்லிக்கொண்ட வண்டி அது. இங்கிலாந்தில் அதற்கு இரண்டே கதவுகள். குடும்பத்தோடு பயணம் செய்யும் நம்மவர்க்கு அது ஒத்துவராதென்று பிற்காலத்தில் நான்கு கதவுகள் வைத்து இந்தியாவிற்கென்றே செய்தார்கள். ஏர்பிக்ஸ் 1960களில் ஹெரால்டுக்கு முப்பத்திரண்டில் ஒரு பங்கு அளவில் பெட்டி வெளியிட்டது உண்மை. ஆனால் அது ஆங்கிலேயரின் இரு கதவு வண்டி. இங்கிலாந்தின் டிங்கி பொம்மை நிறுவனம் தன் பழைய அச்சுகள் சிலவற்றை 1960களின் பிற்பகுதியில் இந்தியாவிற்கு விற்றது. அவற்றில் வார்த்து 'நிக்கி டாய்ஸ்' என்ற பெயரில் இங்கே விற்றார்கள். அவற்றுள் அட்லஸ் என்ற ஆங்கிலேய வண்டியின் அச்சு, நம் சென்னையின் ஸ்டாண்டர்டு 20 மினி பஸ்ஸாகப் பெயர் மாறி வந்தது. நம் வண்டிக்குக் கிடைத்த சிற்றுருவமும் இப்படிப் பிறர் அச்சில் வார்த்ததாகத்தான் இருந்தது.

வண்டலூர்த் தொழிற்சாலையில் 1980களின் இறுதியில் வண்டி உற்பத்தி நின்றுபோயிற்று. அம்பாசடர் 2014-இல் நின்றது. ஓடிய வண்டிகள் துருப்பிடித்து எடைக்குப் போகின்றன. எஞ்சியவற்றுள் பல, திருமண ஊர்வலத்துக்காகவோ திரைப்படத்துக்காகவோ விளக்கும் பம்பரும் மாற்றப்பட்டு, தொழிற்சாலையிலிருந்து வந்த உருவை இழந்துவிட்டன. ஜப்பானியர் போர்ஷேயைப் பிரித்து அளப்பார்கள். ஹெரால்டை அளக்க வரமாட்டார்கள். அதை அளக்க வேண்டியவர்கள் நாம். இன்னும் பத்தாண்டு சென்றால் அளக்கவும் வண்டி இராது.

அளப்பது அரிய வித்தையன்று. ஹெரால்டின் நீளம் 3886 மில்லிமீட்டர். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2324 மில்லிமீட்டர். இருபத்துநான்கால் வகுத்தால் 162, 97. ஆரம்பிக்க இவ்விரண்டு எண்கள் போதும். ஆனால் வளைவுகள் எண்ணுக்குள் அடங்கா. அதற்கு வழி ஒன்று உண்டு. தடித்த சாலிடர் கம்பியை வண்டியின் முதுகின்மேல் மெல்ல அழுத்தினால் வளைவு கம்பியில் பதியும். அதை அப்படியே எடுத்துக் காகிதத்தில் வைத்துக் கோடு வரையலாம். முன்கண்ணாடி, பின்பெட்டி, மட்கார்டு ஒவ்வொன்றுக்கும் இவ்வாறு எடுத்தால் முழு உருவமும் காகிதத்துக்கு வந்துவிடும். நிழற்படம் எடுப்போர் வண்டியை நெருங்கி நின்று எடுக்கலாகாது. மூக்குப் பெரிதாகவும் வால் சிறிதாகவும் விழும். இருபதடி தள்ளி நின்று, அளவுகோல் ஒன்றையும் வண்டியோடு சேர்த்து எடுக்க வேண்டும்.

வரைபடம் கையில் வந்தால் மரத்தில் செதுக்கலாம். பிளாஸ்டிக் தகட்டை வெட்டி அடுக்கலாம். நம் இளைஞர்கள் கணினியில் வரைந்து முப்பரிமாண அச்சுப்பொறியில் வார்க்கவும் செய்கிறார்கள். அதுவும் நன்றே; ஆனால் அப்பொறியிலிருந்து வரும் உடலில் படிப்படியாக வரிகள் தெரியும். அவற்றை நீக்கப் பட்டியும் உப்புத்தாளும் மீண்டும் வேண்டும். கண்ணாடிக்கு, மரத்தில் செதுக்கிய அச்சின்மேல் தெளிந்த பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி இழுக்க வேண்டும். பேரனுக்குக் கணினி தெரியும். சூட்டின் பதம் தாத்தாவுக்குத் தெரியும்.

சங்கத்தாருக்கு நான் வைத்த வேண்டுகோளை அவர்கள் ஏற்றுள்ளார்கள். படிப்பகத்தின் பின்னறை ஞாயிறு முற்பகல்களில் இவ்வேலைக்குத் திறந்திருக்கும். ஒரு மேசையும் நல்ல விளக்கும் உண்டு. ஓய்வு பெற்ற பேட்டர்ன் தச்சர் இருவரும், கடிகாரத் தொழிற்சாலையில் பணியாற்றிய அம்மையார் ஒருவரும் வந்து கற்றுத்தர இசைந்திருக்கிறார்கள். தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு முதல் வேலை தொடங்கும். அதற்கு முன்னரே, நம் அன்பர் ஒருவர் இன்றும் ஓட்டிவரும் நான்கு கதவு ஹெரால்டை அளக்கப் போகிறோம். வர விரும்பும் பிள்ளைகள் அளவு நாடாவும் பென்சிலும் கட்டம் போட்ட நோட்டும் கொண்டு வரட்டும். மோதிரம், கடிகாரம், இடுப்பு வார் ஆகியவற்றைக் கழற்றி வைத்துவிட்டு வரட்டும். தொழிற்சாலை பூசிய பழைய வண்ணத்தில் கீறல் விழக் கூடாதென்பது வண்டியின் உரிமையாளர் விதித்திருக்கும் ஒரே நிபந்தனை.